ஷோகனின் செவிலித்தாயும் ஏழாம் பிரிவும்

எங்கள் சங்கத்தின் யாப்பு, ஏழாம் பிரிவு, இரண்டாம் பந்தி: அங்கத்தவர் ஒருவர் எழுத்தில் சமர்ப்பிக்கும் வேண்டுகோளுக்குத் தலைவர் பதினைந்து நாட்களுக்குள், எழுத்தில், தமது கையொப்பத்துடன் பதில் அளித்தல் வேண்டும்.

அந்தப் பந்தியை எழுதியவள் நான். சங்கத்தைப் பதிவு செய்த காலத்தில், இலச்சினையில் யாழ் இருப்பதா குத்துவிளக்கு இருப்பதா என்று மற்றவர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் இருந்து யாப்பைப் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதி முடித்தேன். "தமது கையொப்பத்துடன்" என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன். மேலதிகாரிக்காகக் கீழே இருப்பவர் கிறுக்கி அனுப்பும் பதில்களை நான் வேலை செய்த அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதி நான் கிறுக்கியவை.

இப்போது சங்கத்தின் தலைவர் என் மகன்.

சென்ற ஆவணியில் அவனுக்கு ஒரு றெக்கொமாண்டே அனுப்பினேன். பதிவுத்தபால், பெற்றுக்கொண்டதற்கான ஒப்பச் சீட்டுடன். சொந்த மகனுக்குப் பதிவுத்தபால் அனுப்பும் தாயைப் பற்றி என்ன நினைக்க வேண்டுமோ அதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் தொலைபேசியில் அழைத்தால் "பிறகு எடுக்கிறேன்" என்று பிரெஞ்சில் சொல்வான். அவனுடைய "பிறகு"வுக்குக் கால எல்லை இல்லை. ஏழாம் பிரிவுக்கு உண்டு.

வேண்டுகோள் சிறியது: ஆண்டு விழாவில் இருபது நிமிடம் உரையாற்ற அனுமதி. மேடைக்கு ஏங்கும் வயது எனக்குக் கடந்துவிட்டது. தகப்பன் இறந்த பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வீடு வாங்கியபோது கேட்கவில்லை, தலைவராக நிற்கலாமா என்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் வேறொரு மனுசியிடம் கேட்டான். ஒரு தடவையாவது அவன் தன் கையால் எனக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று விரும்பினேன். சாதாரணமாக நடக்காததை விதியைக் கொண்டு நடத்துவது என் தொழிலாக இருந்தது. பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில், வதிவிட அனுமதி எடுக்கவும் குடும்பத்தைக் கூப்பிடவும் எந்தக் கதவில் எந்தக் கடதாசியை நீட்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டுப் போனவர்கள் ஒரு மண்டபம் கொள்ளுமளவுக்கு இருப்பார்கள்.

அந்த வேறொரு மனுசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவ மட்டக்களப்புப் பக்கம். லாச்சப்பலில் நாங்கள் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவ மூன்றாம் மாடி, நான் ஐந்தாம் மாடி, மலசலகூடம் எல்லாருக்கும் பொதுவாக நாலாம் மாடி. என் மகன் பிறந்தபோது அவவுக்கும் ஒரு கைக்குழந்தை இருந்தது, பெண். இந்த நாட்டுச் சட்டப்படி பிள்ளை பிறந்து பத்துக் கிழமையில் பிரசவ விடுமுறை முடிகிறது. பதினோராம் கிழமை நான் மேசையில் இருக்க வேண்டும். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போதுதான் மேலே போயிருந்தது. பிள்ளை பார்ப்பதற்கும் இங்கே சட்டம் உண்டு: அங்கீகாரம் வேண்டும், படிப்பு வேண்டும், வீட்டைப் பார்க்க ஆள் வரும், ஜன்னலின் உயரத்தை அளப்பார்கள். அவவிடம் அங்கீகாரம் இல்லை. மடி இருந்தது. காலையில் பிள்ளையையும் மூன்று போத்தில் பாலையும் மூன்றாம் மாடியில் கொடுத்துவிட்டு மெற்றோவுக்கு ஓடுவேன்.

அவன் பேசப் பழகியது அங்கேதான். நானும் அவனுடைய அப்பாவும் பிறந்தது யாழ்ப்பாணம். எங்கள் மகன் வாயைத் திறந்தால் மட்டக்களப்பு. மூன்று வயதில் தொலைபேசியில் என் மாமியாரை "என்ன கா" என்று விசாரித்தான். மாமியார் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளையை ஆரிட்டையும் மாத்திக் கீத்திப் போட்டியோ?" என்றா. ஞாயிற்றுக்கிழமைகளில், நான் வீட்டில் நிற்கும் ஒரே நாளில், அவன் கதவடியில் போய் இருந்து மூன்றாம் மாடிக்கு அழுவான். நான் அவனுக்கு எழுத்துப் பழக்கினேன். அதை அவ பழக்கவில்லை. அதை மட்டும்.

சங்கத்தில் அவவுக்குப் பதவி எதுவும் இல்லை. அங்கத்தவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆனால் முன்வரிசையில் யார் இருப்பது, எவருடைய மகள் ஆடுவது, எவருடைய மகள் அடுத்த வருடம் ஆடுவது, இடைவேளைக்கு றோல்ஸா பற்றிஸா என்பதெல்லாம் அவ இப்போது இருக்கும் புறநகர், பொண்டியில், அவவுடைய குசினியில் முடிவாகும். நிர்வாகக் கூட்டத்தில் பின்கதிரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பா. தலைவர் ஒரு பிரேரணையை வாசித்துவிட்டுக் கண்ணை உயர்த்துவார். "வேணாம் மனே," என்று பின்னாலிருந்து சத்தம் வரும். பிரேரணை விழுந்துவிடும். இதற்கு யாப்பில் பிரிவு இல்லை. என் மகன் வீடு வாங்கியதும் பொண்டியில்தான், அவவின் வீட்டுக்கு நடந்து போகிற தூரம். எனக்கு அவன் வீடு மகெந்தா நிலையத்தில் ஆர்.ஈ.ஆர் ரயில் ஏறி, இறங்கி, பிறகு பஸ். அவவை அவன் சின்னம்மா என்று கூப்பிடுகிறான். எனக்குத் தங்கச்சி கிடையாது.

ஷோகனின் கதை கிடைத்தது ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்து நூலகத்தில். குளிர்காலத்தில் என் வீட்டை விட அங்கே சூடு நன்றாக இருக்கும். யப்பான் நாட்டு அரண்மனைப் பெண்களைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை, படத்துக்காகத்தான், எடுத்துப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் அவவைக் கண்டேன். உடுப்பு மட்டும் வேறு.

அவள் ஒரு ஷோகனுக்கு, அதாவது யப்பானை ஆண்ட படைத்தலைவன் ஒருவனுக்கு, பால் கொடுத்த செவிலித்தாய். அவளுடைய தகப்பன் போரில் தோற்ற பக்கத்தில் நின்று தலை இழந்தவன். கணவனை விட்டு வந்து, வாரிசுக் குழந்தைக்குப் பாலூட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளை நோஞ்சான், பேச்சுத் திக்கும், சாப்பிடாது. ஏழு விதமாகச் சோறு சமைத்து முன்னால் வைப்பாளாம், ஒன்றையாவது தொடட்டும் என்று. பெற்ற தாய்க்கு இளைய மகனில் விருப்பம், அவனையே வாரிசாக்கப் பார்க்கிறாள் என்று ஒரு பேச்சு எழுந்தது. செவிலி யாத்திரை போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டு, நேரே பிள்ளையின் பாட்டனிடம் போனாள். ஓய்வு பெற்றவர் என்று பெயர், அதிகாரம் முழுக்க அவர் கையில். கிழவர் வந்தார். மூத்த பேரனைத் தன் பக்கத்தில் இருத்திப் பலகாரம் கொடுத்தார், இளையவனைக் கீழே இருக்கச் சொன்னார். விசயம் முடிந்தது. பிள்ளை ஷோகன் ஆனான், அவள் அந்தப்புரத்துக்குத் தலைவி ஆனாள். யார் எந்தக் கதவால் வருவது, எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவது என்று அவளே விதி செய்தாள். பெரிய பெரிய பிரபுக்கள் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் அவளுக்குத்தான் ஆள் அனுப்பினார்கள்.

ஒரு தரம் அவள் நேரம் பிந்தி வந்தாளாம். காவற்காரன் கதவைத் திறக்கவில்லை. நான் யார் தெரியுமா என்று கேட்டாள். நேரம் முடிந்தது என்றான். விடியும் மட்டும் வெளியில் குளிரில் நின்றாள், பிறகு அந்தக் காவற்காரனைப் பாராட்டினாள் என்று சொல்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. விதியை மதிக்கும் குணமும் அவளுக்கே போய்விட்டது. எனக்கென்று எதை விட்டார்கள்?

அன்றே எழுதத் தொடங்கினேன். நான் வரலாறு படித்தவள், எழுதத் தெரியும். ஒவ்வொரு பந்தியிலும் பொண்டிக் குசினியின் வெங்காய மணம் வருகிற மாதிரி எழுதினேன். பதவி இல்லாத அதிகாரம். பின்கதிரையிலிருந்து வரும் தீர்ப்பு. பாசத்தின் பெயரால் ஆட்சி. பெயரைச் சொல்லத் தேவையில்லை, மண்டபத்தில் எல்லாரும் தலையைத் திருப்பி அவவைப் பார்ப்பார்கள், அவவுக்கு முகம் கறுக்கும். என் நோக்கம் அதுதான். வேண்டுகோள் விடுப்பவரின் நோக்கத்தை விசாரிக்கும் பிரிவு எதையும் நான் யாப்பில் எழுதி வைக்கவில்லை.

ஒப்பச் சீட்டு திரும்பி வந்தது, அவனுடைய கையொப்பத்துடன். கடிதம் கைக்குப் போய்விட்டது. பதினைந்து நாட்கள் போயின. பிறகும் போயின.

சங்கத்தின் செயலாளர் ஃபொபூர் சேன்-தெனி வீதியில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், என்னை விட இளையவர். முருங்கைக்காய் வாங்குகிற சாட்டில் போனேன்.

"தம்பி, என்ரை றெக்கொமாண்டே என்ன மாதிரி?"

"அக்கா, அது தலைவற்றை அலுவல்."

"தலைவர் பதில் தரேல்லை எண்டால் செயலாளர் நினைவூட்ட வேணும். பத்தாம் பிரிவு."

"அக்கா, அவர் உங்கடை மகன்."

"அதுக்கு ஒரு பிரிவும் இல்லை."

அவர் முருங்கைக்காயைப் பைக்குள் வைத்தபடி, "இந்த நாட்டிலை ரெண்டு மாசம் கவுண்மேந்து பேசாமல் இருந்தால் ஓம் எண்டு அர்த்தம் எண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள்," என்றார்.

"சொன்னனான். விதிவிலக்கு விதியை விட நீளம் எண்டும் சொன்னனான்."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ." குரலைத் தாழ்த்தினார். "அவவிட்டை ஒரு சொல்லுச் சொல்லி வையுங்கோ. அண்டைக்கே முடிஞ்சிடும்."

அவர் கெட்ட மனுசன் இல்லை. யப்பான் பிரபுக்களும் அப்படித்தான் ஆள் அனுப்பினார்கள். முருங்கைக்காயை அவருடைய தராசிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

நான் சொல்லாமலே அவவுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே தொலைபேசி வந்தது.

"அக்கா, நீங்க பேச ஆசப்படுறீங்களாமே. எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா? நம்மட தம்பிக்கிட்டச் சொல்லிட்டன், அவன்தானே தலைவர். சாப்பாட்டுக்கு முந்தி உங்களுக்கு இருவது நிமிசம். பசியில இருந்தாத்தான் சனம் எழும்பிப் போகாது."

"எனக்குத் தலைவரின்ரை எழுத்து மூலப் பதில் வரவேணும்," என்றேன்.

"அவனுக்கு எங்க நேரம், பாவம். நான் சொல்றன்தானே."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உரை என் மேசையில் கிடந்தது, அவவே கதவைத் திறந்து உள்ளே விடுகிறா. தன்னைப் பற்றித்தான் என்று தெரியாமல் திறக்கிறா. அது எனக்கு ருசித்தது.

விழா ஐப்பசியில், பொண்டியில் ஒரு மண்டபத்தில். அவவை முன்வரிசையில் கண்டபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. எல்லாருடைய பார்வைக்கும் வசதியான இடம். என் மகன் மேடையின் ஓரத்தில் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எங்கள் விழாக்களின் வழக்கம் தெரிந்ததே. பேசுகிறவருக்குப் பேச்சு முடிகிறபோது தலைவர் பொன்னாடை போர்த்துவார். போர்த்திவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு ஒலிவாங்கி அறிவிப்பாளருக்கு. போர்த்தப்பட்ட பிறகு எவரும் பேசி நான் பார்த்ததில்லை.

ஒன்பது பக்கம். நிதானமாக வாசித்தேன். நோஞ்சான் பிள்ளையில் தொடங்கினேன். பதவி இல்லாத அதிகாரத்துக்கு வந்தபோது, நான் எதிர்பார்த்தபடியே, தலைகள் திரும்பின. சிரிப்பு எழுந்தது. நான் எதிர்பார்க்காதது அந்தச் சிரிப்பின் தன்மை. கலியாண வீட்டில் பெரியவர் ஒருவரைப் பகிடி பண்ணும்போது வருகிற சிரிப்பு அது. அவவுக்கு முகம் கறுக்கவில்லை. மலர்ந்திருந்தது. பக்கத்தில் இருந்தவளின் தொடையில் தட்டி, "என்னப் பத்தித்தான் கா சொல்றா," என்றா, ஒலிவாங்கி இல்லாமலே எல்லாருக்கும் கேட்கிறபடி.

ஏழு விதச் சோற்றைச் சொன்னேன். அவ எழுந்துவிட்டா.

"மெய்தான். இவனுக்கு நான் ரசத்தில ஒரு சோறு, பால்ல ஒரு சோறு, பருப்புல ஒரு சோறு எண்டு வைப்பன். எல்லாத்தையும் துப்பிப்போட்டு என்ட கோப்பயில இரிக்கிறதத் தின்னுவான்."

மண்டபம் கைதட்டியது. தலைவர் தலையைக் குனிந்து சிரித்தார். நான் பொறுமையாகத் தண்ணீர் குடித்துவிட்டு எட்டாம் பக்கத்தைத் தொடர்ந்தேன். அந்தச் செவிலி தன் பாலைக் கொடுத்து ஒரு ஆட்சியை வாங்கினாள் என்று ஒரு வசனம் வைத்திருந்தேன். இரண்டு கிழமை தீட்டிய வசனம். வாசித்தேன்.

அவ இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தா.

"ஓம் அக்கா," என்றா. சத்தம் தணிந்திருந்தது. "நானும் குடுத்தனான். ஒரு வரியமா இவன் குடிச்சது என்ட பால்தான். என்ட மகளுக்கு ஒரு பக்கம், இவனுக்கு ஒரு பக்கம்."

அவ என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னா. நான் இந்தக் கதையைத் தேடிப் பிடித்ததே அதற்காக என்று நினைத்தா. மண்டபம் முழுக்க அப்படித்தான் நினைத்தது. பெற்றவள், பாலூட்டியவளுக்கு மேடையில் நன்றி சொல்கிறாள். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டல் எனக்கா அவவுக்கா என்று பிரித்துப் பார்க்க முடியாத மாதிரி எழுந்தது.

என் மகன் பொன்னாடையை விரித்துக்கொண்டு மேடையின் ஓரத்திலிருந்து புறப்பட்டான். என் பக்கத்தால் வந்தான். என்னைக் கடந்தான். படி இறங்கி முன்வரிசைக்குப் போய் அவவின் தோளில் போர்த்தினான்.

பொன்னாடை பேச்சாளருக்கு. யாப்பில் இல்லை, ஆனால் எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்த விதி. கையில் ஒன்பதாம் பக்கத்துடன் நான் நின்றேன். அவ ஒரு கணம் திகைத்தா, பிறகு விறுவிறென்று மேடை ஏறி வந்து, தன் தோளிலிருந்து எடுத்து எனக்குப் போர்த்திவிட்டா. அவவின் தோளின் சூடு அதில் இருந்தது. அறிவிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டார். அடுத்தது சிறுமிகளின் மயில் நடனம், அதன் பிறகு சாப்பாடு என்றார்.

சாப்பிடாமல் வந்துவிட்டேன். ஆர்.ஈ.ஆரில் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது, ஒரு வருடத்தின் போத்தில்களை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாலையும் மூன்றாம் மாடியில் கழுவிக் கவிழ்த்து வைத்த வெறும் போத்தில் மூன்று. ஒன்றிலும் ஒரு சொட்டு மிச்சம் இராது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் என் பிள்ளை எவ்வளவு நன்றாகக் குடிக்கிறான் என்று பெருமை அடித்திருக்கிறேன்.

தமிழில் நற்றாய் என்றும் செவிலித்தாய் என்றும் இரண்டு சொல் உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்தபோது, செவிலிக்கு ஏன் தாய் என்ற பட்டம் என்று நான் யோசித்ததில்லை. லாச்சப்பலில் பாலத்தின் மேல் போகும் மெற்றோவின் சத்தத்தில் படுத்திருந்து யோசித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பட்டம் கொடுத்தவர் எவரோ, அவருக்கு இரண்டு பேரும் ஒரே மேடையில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்காது.

ஒரு கிழமை கழித்து மரக்கறிக் கடையில் அவவைக் கண்டேன். லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வந்திருந்தா. விலகிப் போக இடமில்லை, வாசலில் மரவள்ளிக் கிழங்குப் பெட்டிகள்.

"அக்கா, கோவமா?"

"எனக்கேன் கோவம்?"

"உங்கட முகத்தப் பாத்துத் தம்பி சொன்னான், உங்களுக்குத் தெரியாதாமே. எனக்கு விசராப் போச்சு. நான் நெனச்சன் அண்ணை உங்களுக்குச் சொல்லியிருப்பார் எண்டு."

என் கணவரைத்தான் அண்ணை என்றா. அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவரிடம் இனிக் கேட்க முடியாது.

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

அவ கையிலிருந்த கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "அவன் போத்தில வாயில வைக்க மாட்டான் அக்கா. ரெண்டு நாள் பாத்தன். கத்திக் கத்தி நீலம் பாரிச்சுப் போனான். என்ட பிள்ளைக்குப் பால் இரிக்கி, இவன் பக்கத்தில கிடந்து கத்துறான். என்ன செய்யிற? குடுத்தன். உங்கட பால ஊத்திப்போட்டுப் போத்தில கழுவி வைப்பன்."

"அதைச் சொல்லியிருக்கலாம்."

"நீங்க வேலயால வருவீங்க, முகம் செத்துப் போயிரிக்கும். வந்து வெறும் போத்திலப் பாத்துச் சிரிப்பீங்க. அதுதான் அண்டைக்கு நீங்க சிரிக்கிற முதல் சிரிப்பு. எனக்கு அதக் கெடுக்க மனம் வரல்ல கா."

கடைக்காரத் தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில் தராசைத் துடைத்துக்கொண்டு நின்றார். தராசு சுத்தமாகத்தான் இருந்தது.

அவவை வெறுக்க எனக்கிருந்த கடைசி வசதியும் அந்தக் கடையில் போயிற்று. பொறாமை போகவில்லை. நல்லவள் மேல் வரும் பொறாமைக்கு ஒதுங்கி நிற்க நிழல் கிடைப்பதில்லை. பிள்ளை அவவிடம், பேச்சு அவவிடம், பெருந்தன்மை அவவிடம். என் சிரிப்பைக்கூட என்னை விட நன்றாக அவதான் பார்த்து வைத்திருக்கிறா. என்னிடம் மிஞ்சியது பதில் வராத ஒரு வேண்டுகோள்.

ஆகவே அதை விடவில்லை. விழா முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று செயலாளர் கேட்டார். வேண்டுகோள் காலாவதி ஆவதற்கு ஏழாம் பிரிவில் இடமில்லை என்றேன். கார்த்திகையில் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். மார்கழியில் இன்னொன்று, முதல் இரண்டின் பிரதிகளையும் இணைத்து. மகன் தொலைபேசியில் அழைத்தான், நான் எடுக்கவில்லை. எழுத்தில் வேண்டும். அவனை விட அவனுடைய சின்னம்மா கூடுதலாக அழைத்தா. அதையும் எடுக்கவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வரச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது. போகவில்லை. பொங்கல் பானை யாருடைய குசினியில் பொங்கும் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் பின்னேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவன் நின்றான். நான் இருப்பது இன்னமும் அதே கட்டடம், அதே ஐந்தாம் மாடி. மலசலகூடம் மட்டும் உள்ளே வந்திருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கடித உறையை நீட்டினான். இன்னொரு கையில் மூடி போட்ட சட்டி.

"நேர கையில குடுக்கிற," என்றான். "நீங்க ஒப்பம் வைக்கணும்."

பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் தயாரித்துக் கொண்டுவந்திருந்தான். பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒப்பம் வைத்தேன்.

"சட்டி?"

"சின்னம்மா தந்து விட்ட. பொங்கல்."

வாங்கிக் குளிர்ப்பெட்டியின் பின்பக்கம், ஊறுகாய்ப் போத்தலுக்கு அப்பால் வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குசினி மேசையடியில், தகப்பன் வழக்கமாக இருந்த கதிரையில் இருந்தான்.

"ஏன் இவ்வளவு காலம்?" என்றேன்.

பிரெஞ்சில் தொடங்கினான், நிறுத்தினான். "எப்பிடித் தொடங்குற எண்டு தெரியல்ல. 'மதிப்புக்குரிய அங்கத்தவர்' எண்டு எழுதினன், கிழிச்சன். 'மதாம்' எண்டு எழுதினன், அதையும் கிழிச்சன். 'அம்மா' எண்டு எழுதினா யாப்புக்குச் சரி வருமா எண்டு செயலாளரக் கேட்டன். உங்களக் கேக்கச் சொன்னார்."

"பொன்னாடை?"

அவன் மேசையைப் பார்த்தான். "அது நான் யோசிச்சுச் செய்யல்ல அம்மா."

அது எனக்கு ஆறுதலான பதில் இல்லை. யோசித்துச் செய்திருந்தால் திருத்தியிருக்கலாம். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொண்டேன். உறையைப் பிரித்தேன்.

தமிழில், கையால் எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே மேசையில் நான் பழக்கிய கையெழுத்து. ழகரத்தின் காலை நான் நீட்டுவது போலவே கீழே நீட்டியிருந்தான். மூன்று வரி. வேண்டுகோள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இடம், அம்மாவின் குசினி. கடைசிப் பக்கம் வாசிக்கப்படவில்லை, அதைக் கேட்கத் தலைவர் வந்திருக்கிறார். கீழே அவனுடைய கையொப்பம்.

"நான் பக்கத்தில நிண்ட நான்," என்றான். "உங்கட கையில ஒரு பக்கம் மிச்சம் இருந்த. நான் கீழ இறங்கின பிறகுதான் அது விளங்கின."

ஒன்பதாம் பக்கத்தை எடுக்க அலுமாரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பொன்னாடைக்குள் மடித்தபடி மேசையின் இழுப்பு லாச்சியில் இருந்தது. அந்தப் பக்கம் செவிலியைப் பற்றியது இல்லை, பெற்றவளைப் பற்றியது. மற்ற எட்டுப் பக்கத்தையும் கோபத்தில் எழுதினேன். இதை எப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியாது. நின்றுகொண்டு வாசித்தேன், மேடையில் போல.

மூத்த பிள்ளையைப் பிறந்தவுடன் அவளிடமிருந்து வாங்கி இன்னொருத்தியின் மடியில் வைத்தது அரண்மனை வழக்கம். அவளைக் கேட்டுச் செய்ததாக எங்கும் இல்லை. இளையவனைத்தான் அவளால் தன் கையில் வளர்க்க முடிந்தது. அவனில் அன்பு வைத்தாள் என்பதை அவளுடைய குற்றமாக எழுதி வைத்திருக்கிறார்கள். செவிலி போன யாத்திரை எழுதப்பட்டிருக்கிறது, சமைத்த சோறு எழுதப்பட்டிருக்கிறது, குளிரில் நின்ற இரவும் எழுதப்பட்டிருக்கிறது. முதற் பிள்ளை அழுத சத்தம் பெற்றவளுக்குக் கேட்டதா, எத்தனை அறைக்கு அப்பால் இருந்து கேட்டது என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை.

வெளியே பாலத்தில் மெற்றோ ஒன்று போயிற்று. அவன் தலையைச் சாய்த்து அதைக் கேட்டான்.

"இஞ்ச இருந்து மூண்டாம் மாடி கேக்குமா அம்மா?" என்றான்.

"ஞாயிற்றுக்கிழமையிலை நீ அழுதது அங்கை கேட்டிருக்கும்," என்றேன். "மற்ற நாளிலை நான் வேலையிலை."

தலையாட்டினான். பிறகு எழுந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து, ஊறுகாய்ப் போத்தலை நகர்த்திச் சட்டியை எடுத்து, இரண்டு கோப்பை வைத்தான். என் கோப்பையிலும் போட்டான். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதற்கும் அவவை மன்னிக்க முடியவில்லை. அவன் போன பிறகு கடிதத்தை எடுத்து, அலுவலகத்தில் செய்கிற மாதிரி, மேல் மூலையில் பெற்றுக்கொண்ட நாளைக் குறித்து வைத்தேன்: தை இரண்டாம் திகதி.